பொதுக்கட்டடங்களுக்கு மானியத்தாற் கிடைக்கும் இயற்கை வலு
பெறுமுன் அறியவேண்டியனவும் பெற்றபின் செய்யவேண்டியனவும்

நெற்செய்கையும் காய்கறிச் செய்கையும் செய்யும் கமக்காரருக்குத் தத்தம் வயலும் தோட்டமும் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியமானவை ஊருக்குப் பொதுவான கட்டடங்களும் வசதிகளுமாகும். கமக்காரர் அமைப்பின் மண்டபம், விதைநெற் களஞ்சியம், சனசமூக நிலையம், வாசிகசாலை, பொதுக்கிணற்று நீர்ப்பம்பி, காய்கறி சேர்க்கும் கொட்டகை என்பன இவற்றுட் சிலவாம். இவையனைத்திற்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரக் கட்டணம் உயர்ந்துவிட்ட இக்காலத்தில், சூரிய ஒளி, நீரோடை, காற்று ஆகிய இயற்கை வலுக்களிலிருந்து மின்சாரம் பெறுவதற்கு மானியம் கிடைக்குமாயின் அதனை வரவேற்காத ஊர் இல்லை.

ஆயினும், மானியம் கிடைப்பது ஒரு காரியம். கிடைத்த பொருள் பத்து ஆண்டு கழிந்தும் இயங்குவது வேறொரு காரியம். முன்னதற்கு விண்ணப்பமும் காத்திருத்தலும் போதும். பின்னதற்குக் கணக்கும், ஒற்றுமையும், மாதந்தோறும் சிறு பணமும் வேண்டும். இத்துண்டுப்பிரசுரம் இரண்டையும் பற்றிக் கூறுகின்றது.

1. மானியம் எதனைத் தரும், எதனைத் தராது?

மானியம் கொடுப்போர் பெரும்பாலும் பொருளுக்கும் அதனைப் பொருத்துவதற்குமே பணம் கொடுப்பர். சூரியத் தகடுகள், மின்மாற்றும் பெட்டியாகிய இன்வேட்டர், கம்பிகள், சட்டங்கள் ஆகியவற்றின் விலை முழுவதுமோ அதில் ஒரு பகுதியோ மானியத்தில் அடங்கும். கூரையைப் பலப்படுத்துதல், ஐந்தாம் ஆண்டில் மின்கலத்தை மாற்றுதல், பத்தாம் ஆண்டில் இன்வேட்டரை மாற்றுதல், மின்னலாற் சேதமுற்றதைத் திருத்துதல் ஆகிய செலவுகள் பெரும்பாலும் அதில் அடங்கா. அவை ஊரவரின் பொறுப்பாகும்.

இதனை விதைநெல்லுக்கு ஒப்பிடலாம். ஒருவர் நல்ல விதைநெல்லை இலவசமாகக் கொடுத்தாலும், உழுவதும் களைபிடுங்குவதும் நீர்கட்டுவதும் பெற்றவனுடைய வேலையேயாகும். விதை இலவசம் என்பதால் விளைச்சலும் இலவசம் என்று எவரும் எண்ணுவதில்லை.

2. நமது நாட்டின் அனுபவம்

இத்தகைய மானியம் இலங்கைக்குப் புதிதன்று. 1997 முதல் 2002 வரை உலக வங்கியின் கடனுடனும் உலகளாவிய சுற்றாடல் வசதியத்தின் கொடையுடனும் ஒரு வலுத் திட்டம் நடைபெற்றது. அதனைத் தொடர்ந்து 2002 முதல் 2011 வரை கிராமியப் பொருளாதார அபிவிருத்திக்கான மீளப் புதுப்பிக்கத்தக்க வலுத் திட்டம் நடைபெற்றது. மின்கம்பி செல்லாத மலைக்கிராமங்களில், விசேஷமாகச் சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில், ஓடைநீரால் இயங்கும் சிறு மின்னிலையங்கள் பல இத்திட்டங்களின் துணையோடு எழுந்தன.

அவை எழுந்த முறை கவனித்தற்குரியது. முதலிற் கிராமத்தவர் மின்நுகர்வோர் சங்கம் ஒன்றை அமைத்துப் பதிவு செய்தனர். வாய்க்கால் வெட்டுதல், கல் சுமத்தல், கம்பம் நடுதல் ஆகிய வேலைகளைச் சிரமதானமாகச் செய்தனர். செலவின் ஒரு பகுதியைச் சங்கம் வங்கிக் கடனாகப் பெற்றது. நிறுவிய வலுவின் அளவுக்கேற்ப ஒரு பகுதி கொடையாகக் கிடைத்தது. கடனை அடைக்க மாதந்தோறும் சந்தா அறவிடப்பட்டது. இவ்வாறு தமது உழைப்பும் பணமும் கலந்திருந்தமையால், நிலையம் பழுதுற்றபோது “கொடுத்தவர் வந்து திருத்தட்டும்” என்று கிராமத்தவர் வாளாவிருக்கவில்லை.

எனினும், அந்நிலையங்களுக்கும் ஒரு சோதனை வந்தது. சில ஆண்டுகளிற் பொது மின்வலை அவ்வூர்களுக்கும் நீண்டது. அதன்பின் பல சங்கங்கள் கலைந்தன; நீர்ச்சுழலிகள் துருப்பிடித்தன. ஒரு சில நிலையங்கள் மட்டும் மின்வலையுடன் இணைக்கப்பட்டு, மின்சாரத்தை விற்று வருமானம் பெறலாயின. இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் யாதெனில், ஒரு நிலையத்தை அமைக்கும்போதே “நாளை மின்வலை வந்தால் இதனை என் செய்வோம்?” என்னும் வினாவுக்கும் விடை கண்டிருத்தல் வேண்டும் என்பதாம்.

அண்மைக் காலத்திற் கூரைமேற் சூரிய மின்சாரம் முதன்மை பெற்றுள்ளது. உற்பத்தி செய்த மின்சாரத்தில் மிகுந்ததை மின்வலைக்குக் கொடுத்துக் கணக்கில் வரவு வைக்கும் முறை 2010இல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்னும் திட்டத்தின் கீழ் மிகுந்த மின்சாரத்தை விலைக்கு விற்கும் முறைகளும் சேர்க்கப்பட்டன. 2025 ஏப்பிரல் மாதத்தில், 25 மாவட்டங்களிலும் உள்ள 5,000 வழிபாட்டிடங்களின் கூரைகளிற் சூரியத் தகடுகள் பொருத்தும் திட்டம் இந்திய அரசின் கொடையால் ஆரம்பித்து வைக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்குச் சூரிய ஒளியையும் காற்றையும் சேர்த்த கலப்பு மின்னிலையங்கள் அமைப்பதற்கும் இந்தியக் கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஆகவே கோயிலிலும், விகாரையிலும், பள்ளிவாசலிலும், தேவாலயத்திலும், ஊர்ப் பொதுமண்டபத்திலும் சூரியத் தகட்டைக் காண்பது இனி அரிதன்று.

3. நான் கண்ட ஒரு கிராமம்

விவசாயப் பாடசாலையை விட்டுச் சேவையிற் சேர்ந்த முதலாண்டுகளில் நான் கடமையாற்றிய ஒரு கிராமத்தின் கதையை இங்குக் கூறுதல் பொருத்தமாகும். அக்கிராமத்துக் கமக்காரர் அமைப்பிற்கு மானியமாகச் சூரிய நீர்ப்பம்பி ஒன்றும், அமைப்பின் மண்டபத்திற்கு விளக்குகளும் கிடைத்தன. பொதுக்கிணற்றிலிருந்து பதினெட்டுக் குடும்பங்கள் வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் இறைத்தன. விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவன் நானே.

மூன்றாம் ஆண்டு மாரியில் விழுந்த மின்னலாற் பம்பியை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி எரிந்தது. உத்தரவாதப் பத்திரத்தைத் தேடினர். அது முன்னைய செயலாளரிடம் இருந்ததாகவும், அவர் வீடு மாறியபோது தொலைந்ததாகவும் அறிந்தனர். தனாதிகாரியின் கணக்கேட்டில் இதற்கென ஒரு சதமும் இருக்கவில்லை. குடும்பங்கள் ஒவ்வொன்றாக மண்ணெண்ணெய் இயந்திரத்திற்குத் திரும்பின. தகடுகளின் நிழலில் மிளகாய் உலர்த்தும் சாக்குகளை அடுக்கினர்.

2022ஆம் ஆண்டு வந்தது. எரிபொருள் வரிசையில் நாட்கணக்காக நிற்கவேண்டிய காலம் அது. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. மண்ணெண்ணெய் கிடையாமையாற் பயிர் வாடியது. நான் அங்குச் சென்றபோது, வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவர் என்னைத் தகடுகளின் கீழே அழைத்துச் சென்று, “தம்பி, வெயில் மேலே நிற்கிறது, தண்ணீர் கீழே நிற்கிறது, நடுவில் ஒரு பெட்டி இல்லாமல் நாங்கள் கானோடு வரிசையில் நிற்கிறோம். தந்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று இருந்துவிட்டோம்” என்றார்.

அன்று நான் வீடு திரும்பி எனது பழைய விண்ணப்பத்தின் பிரதியை எடுத்து வாசித்தேன். தகடுகளின் எண்ணிக்கை, பம்பியின் குதிரைவலு, பயன்பெறும் குடும்பங்கள் அனைத்தும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. பழுதுற்றால் யார் திருத்துவது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது பற்றி ஒரு வரியேனும் இருக்கவில்லை. தவறு அமைப்பினுடையது மாத்திரமன்று, என்னுடையதுமாகும்.

பின்னர் அக்குடும்பங்கள் கூடி, வீட்டுக்கு ஒரு பங்காகப் பணம் சேர்த்துப் புதிய பெட்டி வாங்கின. அன்று தொடக்கம் ஒவ்வொருவரும் இறைக்கும் மணித்தியாலத்திற்கு இவ்வளவு எனக் கட்டணம் செலுத்தி வருகின்றனர். பம்பி இன்று இயங்குகின்றது. ஆயினும் இடையில் இழந்த போகங்கள் இழந்தவையே. அவ்விழப்பு மற்றோர் ஊருக்கு நேராதிருத்தற்பொருட்டே இனி வருவன கூறப்படுகின்றன.

4. எவ்வளவு வலு வேண்டும் என்று கணக்கிடும் முறை

மானியம் எவ்வளவு கிடைக்கும் என்று முதலிற் பார்த்தல் கூடாது. கட்டடத்திற்கு எவ்வளவு தேவை என்று முதலிற் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு மின்சாதனத்தின் வாற்று அளவையும், அது நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம் இயங்கும் என்பதையும் பெருக்கினால் வாற்றுமணி கிடைக்கும். ஆயிரம் வாற்றுமணி ஓர் அலகாகும். கமக்காரர் அமைப்பின் சாதாரண மண்டபம் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம்:

விளக்குகள் 6, ஒவ்வொன்றும் 10 வாற்று, 4 மணித்தியாலம்: 240 வாற்றுமணி.
மின்விசிறிகள் 4, ஒவ்வொன்றும் 70 வாற்று, 5 மணித்தியாலம்: 1,400 வாற்றுமணி.
கணினியும் அச்சுப்பொறியும், 150 வாற்று, 4 மணித்தியாலம்: 600 வாற்றுமணி.
சிறு குளிர்ப்பெட்டி 1, நாள் முழுவதும்: ஏறத்தாழ 1,000 வாற்றுமணி.
மொத்தம்: 3,240 வாற்றுமணி, அதாவது ஏறத்தாழ மூன்றேகால் அலகு.

நமது நாட்டில் ஒரு கிலோவாற்றுச் சூரியத் தகடு நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 4 அலகு தரும். மழைக்கால மூடத்தில் இது பாதியாகவோ அதனிலும் குறைவாகவோ இறங்கும். ஆகவே மேற்கூறிய மண்டபத்திற்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோவாற்று போதுமானது. ஐந்து கிலோவாற்றைத் தனித்து இயங்கும் முறையில் அமைத்தால், மிகுந்த மின்சாரம் பயனின்றிக் கழியும்; மாற்றவேண்டிய பொருள்களின் விலையோ பெருகும். மிகுந்ததை மின்வலைக்கு விற்க ஒப்பந்தம் உண்டாயின் மாத்திரம் பெரிய அளவு நன்மை தரும்.

5. மின்வலையுடன் இணைந்த முறையும் தனித்து இயங்கும் முறையும்

இவ்வேறுபாட்டை அறியாது ஏமாற்றமடைந்த சங்கங்கள் பல. சூரியத் தகட்டிலிருந்து வருவது நேரோட்ட மின்சாரம். அதனை நாம் பாவிக்கும் ஆடலோட்ட மின்சாரமாக மாற்றுவது இன்வேட்டர் ஆகும். மின்வலையுடன் இணைந்த சாதாரண இன்வேட்டர், மின்வலையில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியைத் திருத்தும் தொழிலாளி, உங்கள் கூரையிலிருந்து பாயும் மின்சாரத்தால் தாக்குண்டு இறவாதிருப்பதற்கே இவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. இது பழுதன்று, பாதுகாப்பு.

2025 பெப்ரவரி 9ஆந் தேதி பகல்வேளையில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, கூரைமேற் தகடுகள் இருந்தும், மின்கலமில்லாத கட்டடங்கள் இருளிலிருந்தமைக்குக் காரணம் இதுவேயாகும். ஆகையால், மின்வெட்டு வேளையிலும் குளிர்ப்பெட்டியும் விளக்கும் பம்பியும் இயங்கவேண்டுமாயின், மின்கலம் சேர்ந்த கலப்பு இன்வேட்டர் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுதல் வேண்டும்.

மின்கலத்தின் அளவையும் கணக்கிட்டே கேட்க வேண்டும். மேற்படி மண்டபத்தில் இரவிலே பாவிக்கப்படுவது ஏறத்தாழ 1,400 வாற்றுமணி எனக் கொள்வோம். ஈயவமில மின்கலத்திற் சேமித்ததிற் பாதியளவே எடுத்தல் வேண்டும்; அடிக்கடி அடிவரை எடுத்தால் அதன் ஆயுள் விரைவிற் குன்றும். ஆகவே 2,800 வாற்றுமணி கொள்ளும் மின்கலம் வேண்டும். 12 வோல்ற்று, 100 அம்பியர்மணி மின்கலமொன்று 1,200 வாற்றுமணி கொள்ளும். எனவே மூன்று மின்கலங்கள் தேவை. 24 வோல்ற்று ஒழுங்காயின் இரட்டையாக இணைக்கவேண்டுமாதலால் நான்கு தேவை. ஈயவமில மின்கலம் மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைக்கும். இலிதிய மின்கலம் விலை கூடியது. ஆயினும் நன்கு பேணினாற் பத்தாண்டு வரை உழைக்கும்.

மின்சாரத்தை விற்கும் ஒப்பந்தம் பற்றியும் ஒரு வார்த்தை. 2016இல் விற்பனை முறை ஆரம்பித்தபோது, முதல் ஏழு ஆண்டுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாவும், அடுத்த பதின்மூன்று ஆண்டுக்கு 15 ரூபா 50 சதமும் என விதிக்கப்பட்டது. அதன்பின் புதிய ஒப்பந்தங்களுக்கான விலை பல தடவை மாற்றப்பட்டுள்ளது. ஆகையாற் பக்கத்து ஊரவர் பெறும் விலையே நமக்கும் கிடைக்கும் என்று எண்ணிக் கணக்கிடல் ஆகாது. கையொப்பமிடும் நாளில் உள்ள விலையையும், அது எத்தனை ஆண்டுக்கு நிலைக்கும் என்பதையும் எழுத்திற் பெறுக.

6. பொதுக்கிணற்றுச் சூரிய நீர்ப்பம்பி

சூரியப் பம்பி நமது பயிர்ச்செய்கைக்கு மிகவும் இயைந்தது. வெயில் மிகுந்த சிறுபோகத்திலேயே நீரும் மிகுதியாக வேண்டும். பகலில் நீரை உயர்ந்த தொட்டியிற் சேமிக்கலாமாதலால் மின்கலம் அவசியமன்று.

இதன் அளவைக் காணும் முறை வருமாறு. ஆயிரம் லீற்றர் நீரை ஒரு மீற்றர் உயர்த்த ஏறத்தாழ 2.7 வாற்றுமணி வேண்டும். நாளொன்றுக்கு 50,000 லீற்றரைப் பத்து மீற்றர் உயர்த்த 50 × 10 × 2.7 = 1,350 வாற்றுமணி வேண்டும். பம்பியிலும் குழாயிலும் பாதிக்கு மேல் வீணாகிப் பத்தில் நான்கு பங்கே பயன்தரும் எனக் கொண்டால், தேவை ஏறத்தாழ 3,400 வாற்றுமணி. இதற்கு ஒரு கிலோவாற்றுத் தகடு வெயில் நாளிற் போதும். முகிற்கூட்டத்தையும் கருதி ஒன்றேகால் கிலோவாற்று வைத்தல் நன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை. மண்ணெண்ணெய்க்குப் பணம் கொடுக்கும்போது நாம் அளந்து இறைக்கின்றோம். வெயிலுக்குப் பணமில்லை என்றவுடன் அளவின்றி இறைக்க மனம் தூண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக் கற்பாறையில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மீறி இறைத்தாற் கீழுள்ள உவர்நீர் மேலெழும். ஒருமுறை உவரான கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரி செல்லும். ஆகையாற் பொதுப்பம்பிக்கு நீரளவு மானி பொருத்தி, குடும்பத்திற்கு இத்தனை மணித்தியாலம் என முறைவைத்து இறைத்தல் வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்தையும் சேர்த்துக்கொண்டால் பம்பியும் கிணறும் ஒருங்கே காப்பாற்றப்படும்.

7. நீரோடை உள்ள இடங்களில்

மலைப்பாங்கான இடங்களில் ஆண்டு முழுவதும் ஓடும் ஓடையிருப்பின், சிறு நீர்மின்னிலையத்தைப் பற்றி ஆலோசிக்கலாம். இதற்கு ஓர் இலகுவான கணக்குண்டு. செக்கனுக்கு ஓடும் லீற்றரை, நீர் விழும் உயரமாகிய மீற்றராற் பெருக்கி, வருவதை 200ஆற் பிரித்தால், கிடைக்கும் கிலோவாற்று ஏறத்தாழ வரும். செக்கனுக்கு 50 லீற்றர், 20 மீற்றர் உயரத்திலிருந்து விழுமாயின் 50 × 20 ÷ 200 = 5 கிலோவாற்று. இது இரவும் பகலும் கிடைப்பதாற் சூரியத் தகட்டிலும் பன்மடங்கு பயன்தரும்.

ஆயின் நீரை அளக்கவேண்டியது மாரியிலன்று, கடுங்கோடையிலேயாகும். மேலும், சுழலியைச் சுற்றிய நீர் மீண்டும் ஓடைக்கே வருமெனினும், எடுக்குமிடத்திற்கும் விடுமிடத்திற்கும் இடையிலுள்ள வயல்களுக்கு அது சேராது. அவ்வயற் சொந்தக்காரரின் சம்மதத்தை முதலிலேயே எழுத்திற் பெறாவிடின், முதற் சிறுபோகத்திலேயே சங்கத்திற் பிணக்கு எழும். வடக்கின் சமநிலப் பகுதிகளுக்கு இம்முறை ஏற்றதன்று; அங்குச் சூரிய ஒளியையே நாடவேண்டும்.

8. கட்டடத்தையும் கூரையையும் ஆராய்தல்

சூரியத் தகடு இருபது முதல் இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். அதனைத் தாங்கும் கூரையும் அவ்வளவு காலம் நிற்றல் வேண்டும். கறையான் அரித்த கைமரத்தின்மேலும், வெடித்த அஸ்பெஸ்ரஸ் தகட்டின்மேலும் அதனைப் பொருத்துதல் ஆகாது. பொருத்துமுன் தச்சனைக் கொண்டு தீராந்தி, கைமரம், சிலாகை அனைத்தையும் பரிசோதிப்பிக்க. கூரை ஏற்றதாயிராவிடில் நிலத்தில் இரும்புச் சட்டம் நாட்டி அதன்மேற் பொருத்தலாம்.

தகட்டைத் தெற்கு நோக்கி ஏறத்தாழப் பத்துப் பாகை சரிவாக வைத்தல் நமது நாட்டுக்குப் பொருந்தும். அச்சரிவில் மழைநீர் தூசியையும் கழுவிச் செல்லும். முற்பகல் ஒன்பது மணி முதற் பிற்பகல் மூன்று மணிவரை பனை, தென்னை, வேம்பு ஆகியவற்றின் நிழல் படலாகாது. ஒரு தகட்டின் மூலையில் விழும் நிழலும் வரிசை முழுவதன் மின்சாரத்தைக் குறைக்கும். நெல் ஆலையின் உமித்தூசியும் சூடடிக்கும் களத்தின் தூசியும் படியும் இடத்தைத் தவிர்க்க. கடற்கரையை அடுத்த ஊர்களில் அலுமினியச் சட்டமும் துருப்பிடியா உருக்கு ஆணிகளும் பாவிக்க. புவித்தொடுப்பும் மின்னற் காப்பும் இன்றி எந்நிலையத்தையும் பொறுப்பேற்றல் ஆகாது.

9. விண்ணப்பத்திற் கேட்கவேண்டியவை

மானியம் பெறுவது பதிவு செய்த ஓர் அமைப்பாயிருத்தல் அவசியம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி பதிவு பெற்ற கமக்காரர் அமைப்பு இதற்கு ஏற்றது. விண்ணப்பிக்குமுன் பின்வருவனவற்றை ஆயத்தம் செய்க:

(அ) கட்டடமும் காணியும் யாருடையவை என்பதற்கான உறுதி அல்லது அனுமதிக் கடிதம். பிறர் காணியிற் பொருத்திய தகடு பின்னர் வழக்குக்கு இடமாகும்.
(ஆ) பன்னிரண்டு மாத மின்கட்டணப் பட்டியல்களும், மேலே காட்டியவாறு தேவைக் கணக்கும்.
(இ) பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றிய தீர்மானத்தின் பிரதி. பராமரிப்பு நிதி சேர்ப்பதும் அத்தீர்மானத்தில் அடங்கவேண்டும்.
(ஈ) தகடு, இன்வேட்டர், மின்கலம் ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதும், பழுதைத் திருத்த எத்தனை நாளில் வருவர் என்பதும்.
(உ) பொருத்துவோர், இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையிற் பதிவு பெற்றவரா என்னும் விபரம். இவ்வதிகாரசபை 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது.
(ஊ) ஊரிலுள்ள இளைஞர் இருவருக்குப் பரிபாலனப் பயிற்சி. ஒருவர் வெளியூர் சென்றால் மற்றவர் இருப்பார்.

பொருத்தி முடிந்ததும், உத்தரவாதப் பத்திரங்களையும் கம்பி இணைப்புப் படத்தையும் மூன்று பிரதி செய்க. ஒன்று செயலாளரிடமும், ஒன்று தனாதிகாரியிடமும், ஒன்று கமநல சேவை நிலையத்திலும் இருத்தல் வேண்டும். நிருவாகிகள் மாறும் நாளில் இப்பத்திரங்களைக் கையளித்ததைக் கூட்டக் குறிப்பில் எழுதுக.

10. பராமரிப்பு நிதி

இதுவே இப்பிரசுரத்தின் பிரதான பகுதி. இன்வேட்டர் ஏறத்தாழப் பத்தாண்டு உழைக்கும். அதனை மாற்ற மூன்று இலட்சம் ரூபா வேண்டும் என உதாரணத்திற்குக் கொள்வோம். பத்தாண்டு என்பது 120 மாதம். 3,00,000 ஐ 120ஆற் பிரிக்க மாதம் 2,500 ரூபா வரும். அமைப்பில் முப்பது அங்கத்தவர் இருப்பின் ஒருவருக்கு மாதம் 84 ரூபா மாத்திரமே. மின்கலம் இருப்பின் அதற்கும் இவ்வாறே தனியாகக் கணக்கிட்டுச் சேர்க்க. விலைவாசி உயர்வதால் ஆண்டுதோறும் தை மாதக் கூட்டத்தில் அன்றைய விலையை விசாரித்துத் தொகையைத் திருத்துக.

மின்கட்டணத்தில் மீதமாகும் பணமும், மின்சாரம் விற்று வரும் பணமும் இந்நிதிக்கே முதலிற் செல்லவேண்டும். திருவிழாவுக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ இதிலிருந்து கடன் எடுத்தல் ஆகாது. வேறாக ஒரு வங்கிக் கணக்குத் திறந்து, இருவர் கையொப்பத்துடனேயே பணம் எடுக்க விதி செய்க. கணக்கை மாதந்தோறும் மண்டபச் சுவரில் ஒட்டுக. கண்முன்னே உள்ள கணக்கு சந்தேகத்தை அகற்றும். சந்தேகம் அகன்றாற் சந்தா தானே வரும்.

11. தவறாது செய்யவேண்டிய வேலைகள்

வாரந்தோறும்: மானியைப் பார்த்து உற்பத்தியான அலகை ஏட்டில் எழுதுக. காரணமின்றி அளவு குறைந்தால் உடனே ஆராய்க.

மாதந்தோறும்: அதிகாலையிலோ மாலையிலோ, தகடு சூடாறியிருக்கும் வேளையில், மெல்லிய துணியும் மழைநீரும் கொண்டு தகட்டைக் கழுவுக. சுண்ணாம்பு செறிந்த கிணற்றுநீர் வெண்படலம் விடுமாதலால் ஏற்றதன்று. வெடித்த அல்லது கம்பி வெளித்தெரியும் தகட்டைத் தொடாது திருத்துவோரை அழைக்க.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை: நிழல் விழுத்தும் கிளைகளை வெட்டுக. தளர்ந்த ஆணிகளை முறுக்குக. எலியும் அணிலும் கம்பியைக் கடித்துள்ளனவா எனப் பார்க்க. நீர் ஊற்றும் மின்கலமாயின் வடித்த நீரை அளவுக்கு நிரப்புக.

மாரி தொடங்குமுன்: புவித்தொடுப்பையும் மின்னற் காப்பையும் பயிற்சி பெற்ற மின்வினைஞரைக் கொண்டு பரிசோதிப்பிக்க. நான் கூறிய கிராமத்திலே தவறிய வேலை இதுவேயாகும்.

முடிவுரை

மானியம் பெறுவதில் வெட்கமில்லை. அது பொதுப்பணம், பொதுநன்மைக்கே வருகின்றது. ஆயின் அதனைப் பெற்றுப் பாழாக்குவதில் வெட்கமுண்டு. துருப்பிடித்த தகட்டைக் கண்டவர் அடுத்த முறை அவ்வூருக்கு மானியம் கொடுக்கத் தயங்குவர். அடுத்த ஊருக்குக் கொடுக்கவும் தயங்குவர்.

ஆகையால், உங்கள் அமைப்பின் அடுத்த கூட்டத்திலே மூன்று வினாக்களை எழுப்புக. நமது கட்டடத்திற்கு எத்தனை அலகு தேவை? மின்வெட்டு வேளையிலும் அது இயங்கவேண்டுமா? பத்தாம் ஆண்டில் மாற்றும் பணத்தை இன்றிலிருந்து யார் சேர்ப்பது? மூன்றிற்கும் விடை எழுதிய பின்னரே விண்ணப்பப் படிவத்தை நிரப்புக. கணக்கிடுவதில் உதவி வேண்டுமாயின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் சந்திக்கலாம். அவர் விண்ணப்பத்தை எழுதித் தருவார். பராமரிப்பு நிதி பற்றிய பகுதி வெறுமையாக இருக்குமாயின், அதனை நிரப்பாது கையொப்பமிட வேண்டாம் என்று அவரிடமே கூறுங்கள்.